வெற்றுக் கோதின் காப்பாளர்

“வெறுங்கோதுக்கும் பெர்மெஸ்ஸோ வேணுமோ அப்பா?” என்று எமிலியானா கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. பலெர்மோவில் பிறந்த பிள்ளை. பெர்மெஸ்ஸோ என்ற அந்த வதிவிடத் தாள் இல்லாவிட்டால் மனிதர் நிம்மதியாக நித்திரை கொள்ளமாட்டார்கள் என்பதை வீட்டில் பார்த்துப் பார்த்து அறிந்தவள். இதே கேள்வியைப் பின்னர் மூன்று பெரியவர்கள் கொண்ட குழு ஒன்று மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து ஒரு குளிர்காலம் முழுவதும் ஆராய்ந்தது. குழந்தை கேட்டால் அது விளையாட்டு. கழுத்துப்பட்டி கட்டியவர் கேட்டால் அது விசாரணை.

கேள்விக்குக் காரணமான கோது, அவளுடைய அப்பா இராயப்புவின் காற்சட்டை மடிப்பிலிருந்து விழுந்தது. பலெர்மோவின் கால்சாப் பகுதியில், நாலாம் மாடி வீட்டில், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது, பித்தளைத் துண்டொன்று தரையில் உருண்டு மேசைக்கடியில் போய் நின்றது. எமிலியானா அதை எடுத்து உதட்டில் வைத்து ஊதினாள். விசில் நன்றாகவே கேட்டது. அடுப்படியில் நின்ற தாய் அகஸ்ரீனா திரும்பிப் பார்த்தாள். கரண்டி கையிலிருந்தபடியே அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

“ஐயோ மாதாவே! என்னப்பா இது? ரவைக்கோதெல்லோ!”

இராயப்பு வேலை செய்தது லா மந்தியா என்ற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியின் வீட்டில். ஊரார் அவரைக் கவலியேரே என்று பட்டம் சொல்லி அழைப்பார்கள். கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போவது அவருடைய பொழுதுபோக்கு. கடையில் விற்கும் ரவைகளை அவர் நம்பமாட்டார். சமையலறைக்குப் பக்கத்துச் சிற்றறையில் ஒரு கைப்பிடி இயந்திரத்தை மேசையில் பூட்டிவைத்து, சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கிவந்து, வால்நட் கோதுத் தூள் போட்ட உருளையில் சுழற்றி மினுக்கி, புது மருந்தும் புதுச் சன்னமும் இட்டுத் தாமே நிரப்புவார். ஒவ்வொரு ரவையையும் திருவிருந்து அப்பம்போல இரு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். ஆனால் போட்டிகளில் கடைசியில்தான் வருவார். இலக்குத் தவறினால் குற்றம் மருந்தில். மருந்து சரியென்றால் காற்றில். காற்று இல்லையென்றால் நடுவரில். அவருடைய கையை மட்டும் யாரும் ஒருபோதும் சந்தேகிக்கக்கூடாது. அந்தச் சிற்றறையைக் கூட்டும்போதுதான் கோது மடிப்புக்குள் ஏறியிருக்கவேண்டும்.

இத்தாலியில் சுட்டு முடிந்த கோது ஒரு பழைய பித்தளைச் சாமான். தெருவில் கிடந்தால் யாரும் குனியமாட்டார்கள். ஆனால் இராயப்புவும் அகஸ்ரீனாவும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரு கோது கிடந்தால் அந்த வீட்டு ஆம்பிளையை “விசாரிச்சிட்டு விடுறம்” என்று கொண்டுபோவார்கள். விசாரிப்பார்கள், விடமாட்டார்கள். போதாக்குறைக்கு, நீதிபதிகளைக் காப்பதற்கென்று வந்த இராணுவம் அந்த ஆண்டுகளில் பலெர்மோவின் சந்திகளில் நின்றது. அந்தப் பெடியள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு பெட்டையளைப் பார்ப்பதைத் தவிர ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அகஸ்ரீனாவுக்கு ஆமி என்றால் ஆமிதான்.

“குப்பைக்கை போடுவமே?” என்றார் இராயப்பு.

“குப்பையைக் கிளறினா?”

“கடலுக்கை எறிஞ்சுபோட்டு வாறன்.”

“எறியேக்கை ஆமிக்காரன் கண்டா? கறுவல் ஒருத்தன் கடலுக்கை என்னத்தையோ எறிஞ்சவன் எண்டு சொல்லமாட்டானே? உங்கடை கவலியேரேட்டையே குடுத்துவிடுங்கோ.”

“அந்த மனிசன் இண்டைக்குப் பின்னேரம்தான் போட்டிக்கெண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு றோமுக்குப் போட்டுது. வர ரெண்டு கிழமையாகும்.”

இரண்டு கிழமை அந்தக் கோதோடு ஒரே கூரையின் கீழ் இருக்க அகஸ்ரீனாவால் முடியாது. அப்போதுதான் இராயப்புவின் மனதில், நேர்மையான மனிதருக்கு வரக்கூடிய எண்ணங்களிலெல்லாம் ஆபத்தான எண்ணம் தோன்றியது.

“ஒளிச்சாத்தானே குற்றம்? நானாக் கொண்டுபோய் ஒப்படைச்சா நன்றி எண்டு சொல்லி வாங்குவாங்கள்.”

அந்த நேரத்தில்தான் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டது.

“இருந்தாலும் இருக்கும் பிள்ளை,” என்றார் இராயப்பு. “உந்த ஊரிலை எல்லாத்துக்கும் வேணும்.”

*

பொலிதேயாமா அரங்கின் பக்கம், சப்பாத்துக் கடையொன்றின் மேல்மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. வாசலில் இருந்த தகட்டில், ‘வேட்டை, இலக்குச் சூடு, வீட்டில் ரவை நிரப்புதல் ஆகியவற்றை மேற்பார்வை செய்யும் உயர் சபை’ என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று கவுண்டர்கள். துவக்குக்கு ஒன்று, நிரம்பிய ரவைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒருவர் இருந்தார். ஸ்பதாரோ என்று பெயர். மெலிந்த, வயதான எழுத்தர்.

“நிறைந்ததா, வெறுமையா?” என்று கேட்டார் அவர்.

“வெறுமை, சிஞ்ஞோரே.”

“வெறுமைக்கு இங்கே கவுண்டர் இல்லை.”

“அப்படியென்றால் கொண்டுபோகிறேன்.”

“கொண்டுபோக முடியாது. கவுண்டருக்கு வந்த பொருள் இலக்கம் பெறாமல் திரும்பக்கூடாது.”

“அப்படியென்றால் இலக்கத்தைப் போடுங்கள்.”

“இலக்கம் போடக் கவுண்டர் வேண்டுமே.”

இருவரும் கோதைப் பார்த்தார்கள். கோது இருவரையும் பார்த்தது. ஸ்பதாரோ பெருமூச்சுவிட்டு உள்ளே போய்த் தலைவரை அழைத்துவந்தார்.

தலைவர் ஸ்கலீசி வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வருபவர். அவர் கோதைக் கண்டதும் கடற்கரையில் தொலைந்த பிள்ளையைக் கண்ட தகப்பன்போல ஆனார்.

“ஒருவர் தாமாகவே ஒரு வெறுங்கோதை அறிவிக்க வந்திருக்கிறார்! இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒருவர் வந்ததுண்டா, ஸ்பதாரோ?”

“இல்லை, தலைவரே. தேவை இல்லாதபடியால்...”

“தேவை என்பதைத் தீர்மானிப்பது நாங்கள். ஐயா, நீர் இந்த நிமிடத்திலிருந்து இந்தப் பொருளின் காப்பாளர். விசாரணை முடியும்வரை இதை உமது வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். செவ்வாய்தோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிணையாக உமது பெர்மெஸ்ஸோ எங்களிடம் இருக்கும்.”

இராயப்பு வாயைத் திறப்பதற்குள் பெர்மெஸ்ஸோ கோப்பில் குத்தப்பட்டாயிற்று. கொடுத்துவிட்டு வரப் போனவர், கோதும் கையுமாகத் திரும்பினார். பெர்மெஸ்ஸோதான் அங்கே தங்கிவிட்டது.

அந்தத் தாள் இல்லாமல் அவருக்கு உயிர் இல்லை. மூத்தவள் அனிற்றா மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். அவளைக் கூப்பிட விண்ணப்பிக்கப் பங்குத்தந்தை வீட்டுப் பத்திரம் எடுத்துக்கொடுத்திருந்தார். வேலைப் பத்திரமும் இருந்தது. பெர்மெஸ்ஸோவை வைத்துக் கொடுக்கவேண்டியதுதான் மிச்சம். தை மாதம் அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகும் அவள் இராயப்புவின் மகள்தான். ஆனால் இத்தாலியச் சட்டத்துக்கு யாரோ ஒருத்தி.

“போன மனிசன் துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறியளே!” என்று அகஸ்ரீனா தலையிலடித்தாள். “நன்றி எண்டு சொன்னவங்களோ?”

“காப்பாளர் எண்டு சொன்னவங்கள்,” என்றார் இராயப்பு.

*

முதலில் வீட்டைச் சோதிக்கச் சபையிலிருந்து இருவர் வந்தார்கள். நாலு மாடி ஏறிய களைப்பில் அகஸ்ரீனாவின் தேத்தண்ணியை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள். பிறகு அளவுநாடாவை விரித்தார்கள். விதிப்படி கோது அடுப்பிலிருந்தும், கட்டிலிலிருந்தும், பிள்ளைகளிடமிருந்தும் குறிப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அப்படியோர் இடம் அகப்படவில்லை. கடைசியில், கோது இருக்கும் இடம் சரியானதுதான், குடும்பம் இருக்கும் இடம்தான் விதிக்கு முரணானது என்று எழுதிக்கொண்டு போனார்கள். போகும்போது தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார்கள். நல்ல பெடியள்.

செவ்வாய்க்கிழமைகளில் இராயப்பு கோதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போவார். ஸ்பதாரோ ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்ப்பார். “வெறுமை” என்று உரக்கச் சொல்வார். முத்திரை விழும். அவ்வளவுதான்.

கவலியேரே போட்டியில் வழமைபோலத் தோற்று, வழமைபோலக் காற்றைத் திட்டிக்கொண்டு திரும்பினார். கதையைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஒரு கோதுக்காகவா? ஒரு வாளி நிறையத் தருகிறேன், அந்த மடையர்களின் தலையில் கொட்டு! நட, நானே வந்து சொல்கிறேன்.”

பதக்கத்தைக் குத்தி, தொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“வாருங்கள், கவலியேரே. அப்படியானால் ஒரு கோது உங்கள் பாதுகாப்பிலிருந்து தப்பியோடியதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். உங்கள் அனுமதிப்பத்திரத்தை மறுபரிசீலனை செய்வது எங்களுக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தரும்.”

கவலியேரே கோதை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதை நான் வாழ்நாளில் கண்டதில்லை,” என்றார். “என்னுடையவை இன்னும் மினுக்கமானவை.”

வழியில் அவர் இராயப்புவுக்கு ஒரு பை நிறைய நாரத்தம்பழம் வாங்கிக் கொடுத்தார். பெரிய மனிதர்கள் சத்தியத்தைக் கைவிடும்போது பழமாவது வாங்கித் தருவது நல்ல பழக்கம்தான்.

அடுத்துக் குழு அமைந்தது. நீள மேசையின் ஒரு தலைப்பில் கோது. மறு தலைப்பில் காப்பாளர். தலைவர் உரையாற்றினார்.

“வெறுமை என்று எதைச் சொல்கிறோம்? இந்தக் கோதுக்குள் இன்று மருந்து இல்லை, சன்னம் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் வீட்டில் இருந்துகொண்டு இதை நாளைக்கே நிரப்பலாம். ஆகவே நண்பர்களே, வெறுங்கோது என்பது விடுமுறையில் இருக்கும் ரவை!”

குழுவினர் இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் அதை இரண்டு முறை எழுதினார்.

நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியால் பார்த்து, கோதின் வாய் வெடித்திருக்கிறது, இனி ஒருவராலும் இதை நிரப்ப முடியாது என்றார். இராயப்புவுக்கு மூச்சு வந்தது.

“அப்படியென்றால் முடிந்துவிட்டதா, தலைவரே?”

“எப்படி முடியும்? நிரப்ப முடியாவிட்டால் இது இறந்துவிட்டது. இறப்பைப் பதிய வேண்டும். இறப்பைப் பதியப் பிறப்பு வேண்டும். அடிப்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். இது இந்த நாட்டில் செய்யப்பட்டதல்ல. எந்தத் துறைமுகத்தால் வந்தது? யார் கூப்பிட்டு வந்தது? எவ்வளவு காலம் தங்க அனுமதி?”

இராயப்புவுக்கு அந்தக் கோதின்மேல் முதன்முறையாகக் கூடப்பிறந்த பாசம் ஒன்று உண்டாயிற்று. பாவம், அதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய், முத்திரையைக் குத்திவிட்டு ஸ்பதாரோ தலையை உயர்த்தாமலே கேட்டார்:

“ஒவ்வொரு முறையும் பெர்மெஸ்ஸோ எப்போது கிடைக்கும் என்று கேட்கிறாயே, என்ன அவசரம்?”

இராயப்பு மகளைப் பற்றிச் சொன்னார். தை மாதத்தைப் பற்றிச் சொன்னார். தெரிந்த இத்தாலி முடிந்ததும் கையால் அவளுடைய உயரத்தைக் காட்டினார். பிறகு, அது பழைய உயரம், இப்போது எவ்வளவு என்று தெரியாது என்றார்.

ஸ்பதாரோ தாளைத் தன் பக்கம் இழுத்தார். முத்திரையை மறுபடியும் குத்தினார். ஏற்கனவே குத்திய இடத்திலேயே.

*

மார்கழி தொடங்கியதும் புனித பார்பராவின் திருநாள் வந்தது. வெடிமருந்தோடு புழங்குபவர்களுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவல். சபை முழுவதும் பூசைக்குப் போனது. தலைவரின் கட்டளைப்படி கோதைச் சிவப்பு வெல்வெட் மெத்தையில் வைத்து, காப்பாளர் அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார். கவலியேரேயின் பழைய கோட்டு அவருக்குத் தோளில் பெரிதாக இருந்தது. வழியில் நின்ற மூதாட்டி ஒருவர் அதை எவரோ புனிதரின் எலும்பு என்று நினைத்து முழங்காலிட்டுச் சிலுவை போட்டார். இராயப்புவுக்கு உயிரே போய்விட்டது. “மன்னிச்சுக்கொள்ளும் ஆண்டவரே, இவையள் சொல்லித்தான் தூக்கிக்கொண்டு வாறன்,” என்று தமிழில் முணுமுணுத்தபடி நடந்தார்.

விருந்தில் தலைவர் கோப்பையை உயர்த்தினார்.

“அன்பர்களே! கோடையில் தலைநகரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: உங்கள் சபை என்னதான் செய்கிறது? எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் நீளம், அவருக்கு நேரம் இல்லை. இன்று பதில் இந்த மெத்தையில் இருக்கிறது! மூன்று கவுண்டர்கள் இருந்தன; வெறுமைக்கென்று நான்காவது திறந்துவிட்டோம். அதில் என் மருமகன் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வேலை இல்லை என்கிறார்கள். பொய்! வேலை வந்தால் செய்ய ஆயத்தமாக இருப்பதும் வேலைதான். இந்தக் கோப்பு மூடப்பட்டால் சபை மூடப்படும். சபை மூடப்பட்டால் வெறுமையை யார் காப்பது? ஆகையால், என் காலத்தில் இந்தக் கோப்பு மூடப்படாது என்று புனித பார்பராவின் முன்னிலையில் வாக்களிக்கிறேன்!”

கைதட்டல் சுவரில் மோதித் திரும்பியது. மெத்தையை ஏந்திக்கொண்டிருந்த இராயப்புவால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. கண்ணீர் மூக்கு வழியே இறங்கிக் கோதுக்குப் பக்கத்தில் வெல்வெட்டில் விழுந்தது. சபையின் வரலாற்றில் அந்தப் பொருளின் அருகே விழுந்த ஒரே உண்மையான பொருள் அதுதான்.

கோட்டுகள் தொங்கும் நடையில் ஸ்பதாரோ அவருடைய கையைப் பிடித்தார். நாலாக மடித்த தாளொன்றை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பெர்மெஸ்ஸோ.

“நாளைக் காலையிலேயே போய் விண்ணப்பத்தைக் கொடு.”

“சிஞ்ஞோரே! கோப்பில் பிணை இல்லையென்றால் உங்களுக்கு...”

“கோப்பில் ஒரு மனிதனுடைய தாள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எந்த மனிதன் என்று விதியில் இல்லை. என்னுடைய அடையாள அட்டையை வைத்திருக்கிறேன். எனக்கு எங்கே போக இருக்கிறது? வீடு, கந்தோர், கோயில். மூன்று இடத்திலும் என்னைத் தெரியும்.”

இராயப்பு அவருடைய கையை முத்தமிடக் குனிந்தார். ஸ்பதாரோ கையை இழுத்துக்கொண்டு, “செவ்வாய்க்கிழமை கோதை மறக்காதே,” என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

அனிற்றா தவக்காலத்தின் நடுவில் வந்து இறங்கினாள். இராயப்பு கையால் காட்டிய உயரத்தைவிட ஒரு முழம் கூட. கால்சா வீட்டில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையில் அவளுக்கு ஒரு பாய் விரிந்தது. விதிக்கு முரணாக இன்னொரு ஆள். எமிலியானா அக்காவின் பின்னலைப் பிடித்த கையை மூன்று நாள் விடவில்லை.

“இனியென்ன, உந்தச் சனியனைக் கடலுக்கை எறிஞ்சிட்டு வாங்கோவன்,” என்றாள் அகஸ்ரீனா.

“எறிஞ்சா கோப்பைத் திறந்து பாப்பாங்கள், ஸ்பதாரோ மனிசன் பிடிபட்டிடும் அகஸ்ரீனா. எங்கடை பிள்ளைக்காக அவற்றை பேர் அங்கை கிடக்குது.”

எறியக் கோதும் கையில் இல்லை. திருநாளுக்குப் பிறகு தலைவர் கோதையும் அதன் விசாரணைக் கோப்பையும் தமது அறையில் ஒரு கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார். சபையைச் சேர்ந்த ஒருவரும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் பக்கச்சார்பு. ஆகவே பூட்டின் திறப்பு காப்பாளரிடம். செவ்வாய்தோறும் இராயப்பு வந்து, தலைவரின் கண்முன்னே அலுமாரியைத் திறந்து, கோதைத் தூசி தட்டி, மறுபடி பூட்டிவிட்டுப் போவார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த ஒரு செவ்வாய், வாசல் காவற்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

“எங்கள் ஸ்பதாரோவுக்கு விசர். மனைவிக்குக் கால் இழுத்துவிட்டது, பாவம். பங்கிலிருந்து லூர்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், வைகாசியில். அவள் எத்தனை வருடமாக ஆசைப்பட்ட பயணம்! இவர் போகமாட்டாராம். எல்லை தாண்ட அடையாள அட்டை இல்லையாம். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தால் புதிது தருவார்கள். அதுவும் மாட்டாராம். தொலையாததைத் தொலைந்தது என்று எப்படி எழுதுவது என்று கேட்கிறார்!”

இராயப்பு சிரிக்கவில்லை. அந்த இரவு செபமாலை முடிந்தபின்னும் அவர் முழங்காலிலேயே இருந்தார். கிழமைக்குக் கிழமை அலுமாரியைத் திறக்கும்போது தலைவர் எதிரே இருந்தார். ஒரு செவ்வாய் அவர் பத்திரிகை வாசித்தார். ஆனால் தாளில் ஓட்டை இருந்தது. இன்னொரு செவ்வாய் குறட்டை விட்டார்; ஆனால் மருமகன் விழித்திருந்தார். வேலை வந்தால் செய்ய ஆயத்தமாக.

வைகாசி பிறந்தது. அடுத்த செவ்வாய் தலைவரின் பிறந்தநாளாக அமைந்தது. கீழே பாரில் எல்லோருக்கும் கோப்பியும் கேக்கும். மருமகனும் காவற்காரரும் முன்னே ஓடினார்கள். ஸ்பதாரோவும், வெயில் என்றபடியால் கோட்டைக் கொளுவியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். இராயப்புவும் மரியாதைக்கு இரண்டு அடி எடுத்துவைத்தார்.

“நீர் எங்கே போகிறீர்?” என்று தலைவர் அதட்டினார். “காப்பாளர் பொருளைவிட்டு நகரக்கூடாது. இது விதி!”

“ஓம், தலைவரே.”

காலடிச் சத்தங்கள் மாடிப்படியில் இறங்கித் தேய்ந்தன. இராயப்பு அலுமாரியைத் திறந்தார். கோதை ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கோப்பின் நாடாவை அவிழ்த்தார். ஸ்பதாரோவின் அட்டை உள்ளே குத்தியிருந்தது. படத்தில் அவர் இளைஞராக, ஏதோ நல்ல செய்தி கேட்டவர்போல இருந்தார். அதைக் கழற்றினார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையை அப்படியே விட்டால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். தலைவரின் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல்லின் கீழ் புனித பார்பராவின் சிறு படமொன்று கிடந்தது. அளவும் ஏறக்குறைய அதேதான். “நீங்களே பிணை நில்லுங்கோ தாயே,” என்று சொல்லி அதைக் குத்தி, நாடாவைக் கட்டிப் பூட்டினார். கண்ணாடியில் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

நடையில் ஸ்பதாரோவின் கோட்டு தனியே தொங்கியது. உள்பைக்குள் ஒரு கைக்குட்டையும் பேருந்துச் சீட்டொன்றும் இருந்தன. அட்டையைக் கைக்குட்டைக்குக் கீழே, உடனே கண்ணில் படாமல், ஆனால் மூக்குத் துடைக்க எடுத்தால் விரலில் தட்டுப்படும்படி வைத்தார். கோட்டு கொளுவியில் கொஞ்சம் சரிந்தது. அதன் தோளைப் பிடித்து நேராக்கிவிட்டு, இராயப்பு திரும்பிவந்து அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.